கல்லின் ஈரம்: நெஃப்ரைட் ஜேட் தேர்வு குறித்து

ஜேட் என்னும் கல்லுக்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. சீனக் கவிதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருவோர் பலரும் 'மரகதம்' என்று எழுதிவிட்டு மேலே சென்றுவிடுகின்றனர். சிலர் 'பச்சைக்கல்' என்கின்றனர். இரண்டும் பொருந்தவில்லை. மரகதம் என்பது பெரில் என்ற கனிமத்தின் பச்சைப் படிகம். அடிபட்டால் எளிதில் உடையும். ஜேட் தனிப் படிகமாக வளர்வதில்லை. அதை உடைப்பதோ பெரும்பாடு. பச்சையாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை. சீன மரபு உச்சியில் வைத்துப் போற்றுவது வெண்ணிற ஜேட்டைத்தான். மரகதம் என்று எழுதிப் பழகிய மொழிபெயர்ப்பாளர் கவிதையில் வெள்ளை ஜேட் எதிர்ப்படும் இடத்தில் என்ன செய்வார்? 'வெண்மரகதம்' என்று எழுதினால் நம் இலக்கணமே நகைக்கும். பாங்காக் அரண்மனைக் கோயிலில் வீற்றிருக்கும் புகழ்பெற்ற 'மரகத புத்தர்'கூட மரகதத்தால் ஆனவர் அல்லர். ஜேட் அல்லது ஜாஸ்பர் வகைப் பச்சைக்கல் என்றே அறிந்தோர் கூறுவர்.

சொற்குழப்பம் சொல்லோடு நின்றிருந்தால் நாம் இதைப் பெரிதுபடுத்தப் போவதில்லை. ஜேட் என்றால் பச்சை என்று மனத்தில் பதிந்துவிட்டவர்கள், கீழ்த்திசை நாடுகளுக்குச் சுற்றுலா சென்று திரும்பும்போது பச்சையாக எது கிடைத்தாலும் நல்ல விலை கொடுத்து வாங்கி வருகின்றனர். அவ்வாறு வருபவற்றில் செர்பென்டைன் உண்டு, சாயமேற்றிய குவார்ட்சைட் உண்டு, கண்ணாடியும் உண்டு. அறுத்து மெருகேற்றிய பொருளிலாவது ஓரளவு கண்ணால் காண ஏதேனும் இருக்கும். ஆற்றுக் கூழாங்கல்லாக, மேல்தோலோடு விற்கப்படும் கச்சாக் கல்லில் வாங்குபவர் பணம் கொடுப்பது பெரும்பாலும் ஒரு கதைக்குத்தான்.

நம் கருத்து இதுதான்: நல்ல நெஃப்ரைட்டை அறிவதற்கு நிறமும் மேல்தோலும் ஊர்ப்பெயரும் மிகவும் பலவீனமான சான்றுகள். வலுவான சான்று கல்லின் உள்ளமைப்பில் இருக்கிறது. வியப்பு என்னவெனில், பழஞ்சீன நூலோர் ஜேட்டைப் பற்றிக் கூறிய சொற்கள், நாம் வெறும் அணிநயம் என்று தள்ளிவிடக் கூடிய சொற்கள், அந்த உள்ளமைப்பையே சுட்டி நிற்கின்றன. சந்தையின் பேச்சைவிட அவை நம்பத்தக்கவை.

முதலில் கல்லைப் பற்றி. ஜேட் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறு கற்கள் உள்ளன. அவை ஒன்றல்ல என்பதை 1863இல் பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சி தமூர் தெளிவுபடுத்தினார். பர்மாவிலிருந்து வரும் பளிச்சென்ற பச்சைக்கல் ஜேடைட். அது பைராக்சின் குடும்பம். சீனர் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கையாண்டு வந்தது பெரும்பாலும் நெஃப்ரைட். அது ஆம்பிபோல் குடும்பத்து ட்ரெமோலைட், ஆக்டினோலைட் என்ற கனிமங்களால் ஆனது. சிறுநீரக நோய்க்கு மருந்து என்ற நம்பிக்கையினால் ஐரோப்பியர் வைத்த பெயர் அது; சிறுநீரகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதனுள் ஒளிந்திருக்கிறது. மருந்தாயிற்றோ இல்லையோ, பெயர் நிலைத்துவிட்டது.

ட்ரெமோலைட் உலகில் அரிதான கனிமம் அன்று. அது மிக நுண்ணிய இழைகளாகப் பிறந்து, அவ்விழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சிக்கிக்கொள்ளும்போதுதான் நெஃப்ரைட் ஆகிறது. நெய்யாமல், கம்பளி மயிரை அழுத்தியே செய்யும் துணியை நினைத்துக்கொள்ளலாம். எந்தத் திசையில் இழுத்தாலும் ஏதோ ஓர் இழை குறுக்கே நிற்கும். இங்கே கடினத்தன்மை வேறு, முறியாத்தன்மை வேறு என்பதை மறந்துவிடலாகாது. மோஸ் அளவையில் நெஃப்ரைட் 6 முதல் 6.5 வரைதான், சாதாரணக் குவார்ட்ஸ் அதைக் கீறிவிடும். ஆனால் சம்மட்டியால் அடித்தால் குவார்ட்ஸ் சிதறும், நெஃப்ரைட் தாக்குப்பிடிக்கும். தன்னைவிடச் சற்றுக் கடினமான ஜேடைட்டையும் முறியாத்தன்மையில் அது விஞ்சுகிறது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஷாஜகானின் மதுக்கிண்ணம் ஒன்றுள்ளது. 1657ஆம் ஆண்டுக்குரியது, வெள்ளை நெஃப்ரைட்டில் குடைந்தது. கைப்பிடி ஆட்டுத்தலையாக வளைந்து நிற்கிறது. அவ்வளவு மெல்லிய சுவரைக் கல்லில் எடுக்க முடிந்ததற்குக் கலைஞனின் கை பாதிக் காரணம் என்றால் அந்த இழைப்பின்னல் மறுபாதி.

இனி சொற்களுக்கு வருவோம். 'லீஜி' என்ற சடங்கு நூலில் ஓர் உரையாடல் உண்டு. மாணவர் ட்சுகோங், ஜேட்டைச் சான்றோர் மதிப்பதும் அதைப் போன்றே தோன்றும் வேறொரு கல்லை இகழ்வதும் ஏன், ஜேட் அரிதாகக் கிடைப்பதனாலா என்று கேட்கிறார். (போலிக் கல் அன்றே இருந்திருக்கிறது என்பதையும் கவனிக்கலாம்.) அரிது என்பது காரணமன்று என்று மறுக்கும் கன்பூசியஸ், அதன் ஈரப்பசை கொண்ட மென்பளபளப்பை அன்புக்கும், நுண்ணிய செறிவை அறிவுக்கும், முனையிருந்தும் கையை அறுக்காத தன்மையை அறத்துக்கும், தட்டினால் நீண்டொலித்துச் சட்டென்று அடங்கும் ஓசையை இசைக்கும் ஒப்பிடுகிறார். கி.பி. 100ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட 'ஷுவோவென்' அகராதியில் ஷூ ஷென் இதே வழியில் ஜேட்டுக்கு ஐந்து பண்புகளை வகுக்கிறார்.

இதை நீதியுரை என்று மட்டும் வாசிப்பது நம் வழக்கம். உவமேயத்தை நீக்கிவிட்டு உவமானத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஈரம்போலத் தோன்றும் பளபளப்பு: இழைகள் மிக நுண்ணியவையாகவும் நெருக்கமாகவும் இருந்தால் ஒளி மேற்பரப்பில் கண்ணாடிபோலத் தெறிக்காமல் சற்றே உள்ளே புகுந்து சிதறித் திரும்புகிறது, கண்ணுக்கு அது எண்ணெய் தடவியதுபோலத் தெரிகிறது. செறிவு: குருணை தென்படாமை. நீண்ட ஓசை: உள்விரிசல் இல்லாத, இறுகிய கல்லின் மெல்லிய பலகைதான் தட்டினால் மணியொலி தரும், விரிசல் இருந்தால் மொத்தென்று ஒலிக்கும். ஒரு வாசகத்தில் பளபளப்பு, இழைமம், ஒலி ஆகிய மூன்றும் அடங்கிவிட்டன. இதில் நிறத்துக்கு ஓரிடமும் இல்லை என்பதை நாம் அடிக்கோடிட விரும்புகிறோம்.

ஷூ ஷென்னின் ஐந்தில் ஒன்று நம்மை நெடுநாள் உறுத்தியது. ஜேட்டின் உள்வரிகளை வெளியிலிருந்தே அறியலாம், ஆகவே அகத்தைப் புறத்தால் அறியலாம் என்கிறார் அவர். அப்படியானால் பியான் ஹெயின் கதை என்னாவது?

கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் ஹான் ஃபெய் சொல்லும் கதை அது. ச்சூ நாட்டு மலையில் கிடைத்த கச்சாக் கல்லொன்றை பியான் ஹெ அரசனிடம் கொண்டுசெல்கிறான். அரசன் கல்லாய்வோனிடம் காட்ட, 'வெறுங்கல்' என்கிறான் அவன். பொய்யன் என்று பியான் ஹெயின் இடக்கால் வெட்டப்படுகிறது. அடுத்த அரசன் வருகிறான், அதே கல், அதே தீர்ப்பு, வலக்காலும் போகிறது. மூன்றாம் அரசன் காலத்தில் மலையடியில் கல்லை மார்போடு அணைத்து மூன்று நாள் அழுகிறான். கால் போனதற்கு நான் அழவில்லை, மணியைக் கல் என்றதற்கும் மெய்யனைப் பொய்யன் என்றதற்கும் அழுகிறேன் என்பது அவன் விடை. அதன் பிறகே அரசன் கல்லை அறுக்கச் சொல்கிறான், மணி வெளிப்படுகிறது. அந்த மணி எந்தக் கனிமம் என்பது ஆய்வாளரிடையே இன்றும் வாதத்துக்குரியது. அது நமக்கு வேண்டாம்.

இலக்கிய மாணவர்கள் இக்கதையை அறியப்படாத திறமைக்கு உருவகமாகச் சொல்வர். ஹான் ஃபெய்யின் நோக்கமும் அதற்கு அருகில்தான் இருந்தது. நமக்கோ இது நேரடியாகவே கல் தேர்வின் கதையாகப் படுகிறது. இரண்டு அரசர்களும் செய்யத் தவறியது ஒன்றுதான்: ஒரு மூலையை அறுத்துப் பார்க்கவில்லை. வாளை எடுக்க ஆணையிட்டவர்கள் அரத்தை எடுக்க ஆணையிடவில்லை. நிபுணனின் கண் போதும் என்று விட்டனர். தீர்ப்புப் பிழையானபோது விலை கொடுத்தவன் நிபுணன் அல்லன்.

ஷூ ஷென் கூறியதும் பொய்யன்று. அவர் காலத்துக்குப் பின் புகழ்பெற்ற கோத்தான் ஆறுகளை எடுத்துக்கொண்டால் அது விளங்கும். இன்றைய ஷின்ஜியாங்கின் தென்விளிம்பில், குன்லுன் மலையிலிருந்து இறங்கும் யுருங்காஷ், கராகாஷ் என்ற இரண்டு ஆறுகள் கோத்தான் நகரின் இருபுறமும் ஓடுகின்றன. வெண்ஜேட் ஆறு, கருஞ்ஜேட் ஆறு என்பது பெயர்களின் பொருள். கோடையில் பனி உருகி வரும் வெள்ளம் மலையில் உடைந்த பாறைகளை உருட்டிக்கொண்டு வருகிறது. விரிசல் உள்ள பகுதி வழியிலேயே பிளந்துபோகும், மென்மையான பகுதி தேய்ந்துபோகும். எஞ்சிக் கூழாங்கல்லாக ஒதுங்குவது பின்னல் இறுகிய நடுப்பகுதி. ஆறே முதல் தேர்வாளர். ஆகவே, ஆற்றுக்கல்லின் புறம் அகத்துக்குச் சான்றாக நின்றது. மலையிலிருந்து நேரே வெட்டியெடுக்கும் பாறைக்கு இத்தேர்வு நடக்கவில்லை. முனைகளோடும் விரிசல்களோடும் வரும் அதை அதிகக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

வெள்ளம் வடிந்த பின் கல் பொறுக்குவர். பதினெட்டாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பொன்று ஒரு காட்சியைத் தருகிறது. கரையில் அதிகாரிகள் நிற்க, ஆட்கள் வரிசையாகக் கைகோத்து வெறுங்காலோடு ஆற்றில் நடக்கின்றனர். காலில் ஜேட் தட்டுப்பட்டால் மிதித்தே உணர்ந்து குனிந்து எடுக்கின்றனர். கரையில் சேகண்டி ஒலிக்கிறது, கணக்கில் ஒரு புள்ளி ஏறுகிறது. பியான் ஹெ இழந்த கால்களை எண்ணாமல் இதை வாசிக்க நம்மால் இயலவில்லை.

அந்தப் புறச்சான்று இன்று கெட்டுவிட்டது. ஆற்றில் நெடுங்காலம் கிடந்த கல்லின் மேல் இரும்பு துருவேறிச் செம்பழுப்பு, பொன்மஞ்சள் தோல் படியும். தோலில் வியர்வைத்துளை போன்ற நுண்குழிகள் இருக்கும். இவை ஆற்றுக்கல் என்பதன் அடையாளங்கள். அடையாளத்துக்கு விலை ஏறியது. அடையாளம் பட்டறையில் உற்பத்தியாகத் தொடங்கியது. மலைக்கல்லின் துண்டுகளை உருளையிலிட்டு உருட்டிக் கூழாங்கல்லாக்குகின்றனர், சாயத்தில் ஊறவைத்துத் தோல் தருகின்றனர். இயற்கைத் தோலின் நிறம் உள்நோக்கிப் படிப்படியாக மங்கும். சாயமோ விரிசலிலும் குழியிலும் அடர்ந்து தேங்கும், மற்ற இடத்தில் மேலோடு நிற்கும். அசிட்டோன் நனைத்த பஞ்சில் சில சாயங்கள் ஒட்டிக்கொண்டு வரும். உருளையில் உருண்ட கற்கள் எல்லாம் ஒரே வார்ப்பாக இருக்கும். ஆறு அப்படி அச்சடிப்பதில்லை. போதாக்குறைக்கு 2000களில் மண்வாரி இயந்திரங்கள் யுருங்காஷ் படுகையை ஆழத் தோண்டிப் புரட்டிவிட்டன. தேடுவோர் கூட்டம் பெருகியது, நல்ல கல் அருகியது. விலை எந்தப் பக்கம் சென்றிருக்கும், போலி எந்தப் பக்கம் சென்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தோலை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? எடையை நம்பலாம். நெஃப்ரைட்டின் ஒப்படர்த்தி 2.95ஐ ஒட்டி நிற்கும்; செர்பென்டைன் 2.6 அளவிலும் குவார்ட்சைட் 2.65 அளவிலும் சலவைக்கல் 2.7 அளவிலும் நிற்கும், ஜேடைட் 3.3ஐத் தொடும். பள்ளி ஆய்வகத் தராசும் நூலும் ஒரு குவளை நீரும் போதும். காற்றில் 590 கிராம் எடையுள்ள கல்லை நீரில் தொங்கவிட்டு நிறுத்தால் 390 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 200. 590ஐ 200ஆல் வகுத்தால் 2.95. ஆர்க்கிமிடீஸ் காலத்திலிருந்து இருக்கும் இந்த எளிய கணக்கை ஒருவர் செய்துவிட்டால் சுற்றுலாக் கடைகளின் பச்சைக் கற்களில் பாதி அந்தக் குவளையிலேயே மூழ்கிவிடும். கல்லோடு வேறு பாறை ஒட்டியிருந்தாலோ தோல் தடித்திருந்தாலோ எண் சற்றே விலகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

எஃகுக் கத்தியைப் பலரும் முதலில் எடுப்பர். கத்தி நெஃப்ரைட்டைக் கீறாது. தன் உலோகத்தையே சாம்பல் கோடாக விட்டுச் செல்லும். செர்பென்டைன் பெரும்பாலும் கீறுபடும், சலவைக்கல் உறுதியாகக் கீறுபடும். ஆனால் குவார்ட்சைட்டும் கத்திக்கு மசியாது. ஆகவே, கத்தியில் தேறிய கல் தராசிலும் தேற வேண்டும். உடைந்த முனை ஏதேனும் இருந்தால் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்ப்பது நன்று. குவார்ட்சைட்டின் முறிவு சர்க்கரைக் கட்டிபோல மினுக்கும் குருணைகளைக் காட்டும். நெஃப்ரைட்டின் முறிவு சிம்பு சிம்பாக, ஒளி மங்கி, மெழுகுபோல இருக்கும்.

இவை அனைத்தும் கல் நெஃப்ரைட்டா என்பதைத்தான் சொல்லும். நல்ல நெஃப்ரைட்டா என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் லீஜியின் சொற்களுக்கு வேலை வருகிறது. கல்லை நனைத்துப் பாருங்கள். மறைந்திருந்த விரிசல், அடுக்கு, திட்டு யாவும் நீரில் தெரியும். மெல்லிய ஓரத்தில் கைவிளக்கைப் பிடித்தால் உள்ளே ஒளி மேகம்போலப் பரவ வேண்டும். பஞ்சுத் துணுக்குகள்போல வெண்திட்டுகள் மிகுந்தால் பின்னல் சீராக இல்லை என்று பொருள். பின் விற்பவர் இசைந்தால் ஒரு சாளரம் திறக்க வேண்டும். ஒரு மூலையைச் சிறிது அறுத்து, நீர் ஊற்றிப் பட்டைத்தாளால் படிப்படியாக மெருகிட வேண்டும். நல்ல கல் அந்த எண்ணெய்ப் பளபளப்பை விரைவில் தரும். அடுக்குப் பிளவு உள்ளதும் இடையிடையே டால்க் போன்ற மென்பகுதி உள்ளதும் மெருகின்போது குழிகுழியாக, ஆரஞ்சுத்தோல்போலத் தெரியும். எவ்வளவு அழகிய பச்சையானாலும் செதுக்குவோர்க்கு அது பயன்படாது.

விற்பவர் இசையாவிட்டால்? இசையாதவர்களே அதிகம். அறுக்காத கல்லுக்கு அறுத்த கல்லைவிட வாங்குவோரிடம் மயக்கம் கூடுதல்; உள்ளே என்ன இருக்கும் என்ற எதிர்பார்ப்பே சரக்காகிவிடுகிறது. பர்மா எல்லையை ஒட்டிய யுன்னான் சந்தைகளில் ஜேடைட் பாறையை வைத்து நடக்கும் கல் சூதாட்டம் இதன் முற்றிய வடிவம். அதை வீரம் என்றும் ஊழ் என்றும் பாடுவோர் உண்டு. சாளரம் திறக்க இசையாத கல்லை, தோல் மட்டும் காட்டி விற்கும் கல்லை, வாங்காமல் வருவதே தக்கது என்பது நம் துணிபு. பியான் ஹெ தன் கல்லை அறுத்துக் காட்ட ஒருபோதும் மறுக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கும் ஒரு சொல். வெண்மையில் தலையாயதற்குச் சீனர் இட்ட பெயர் 'ஆட்டுக்கொழுப்பு'. சைவ நண்பர்கள் முகம் சுளிக்கலாம். எனினும் இதைவிடத் துல்லியமான பெயரை நாம் காணவில்லை. உறைந்த கொழுப்பின் வெண்மையோடு அதன் வழவழப்பையும், உள்ளே சற்றே ஒளி புகும் தன்மையையும் ஒரே சொல்லில் பிடித்துவிட்டனர். சுண்ணாம்புபோல வெளுத்து உலர்ந்த கல் அப்பெயருக்கு உரியதன்று. பச்சை வருவது இரும்பினால். ட்ரெமோலைட்டின் மக்னீசியம் இருக்கும் இடங்களில் இரும்பு ஏறஏற அது ஆக்டினோலைட்டை நோக்கி நகர்ந்து பசுமையடையும். குன்லுன் வெண்கல் டோலமைட் சலவைக்கல்லின் தொடர்பில் பிறந்தது, ஆகவே இரும்பு குறைவு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் நியூசிலாந்திலும் கிடைப்பது செர்பென்டைன் பாறையின் தொடர்பில் பிறந்தது, ஆகவே பச்சை. குரோமைட்டின் கரும்புள்ளிகளும் அதில் காணும். புள்ளி குறைந்தால் விலை கூடும். புள்ளியினால் மட்டும் கல் போலியாகிவிடாது. உண்மையில் அது பிறப்புச் சான்று.

ஊர்ப்பெயரின் மயக்கம் இவற்றினும் பெரிது. கோத்தானின் சீனப் பெயரான 'ஹெதியன்' இன்று சீன மணிக்கல் தரநிலையில் ஊரைக் குறிப்பதன்று. நெஃப்ரைட் வகையின் பொதுப்பெயர். சான்றிதழில் அப்பெயரைக் கண்டதும் குன்லுன் பனியாற்றை மனக்கண்ணில் காண்பவர், கையில் வைத்திருப்பது ரஷ்யக் கல்லாகவும் இருக்கலாம், சிங்ஹாய் கல்லாகவும் இருக்கலாம். இருந்தால்தான் என்ன? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் பதக்கங்களில் பதித்தவை சிங்ஹாய் ஜேட்டே: தங்கத்துக்கு வெள்ளை, வெள்ளிக்கு இளநீலம் கலந்த வெள்ளை, வெண்கலத்துக்குச் சாம்பல் பச்சை. சிங்ஹாய் கல் நீர்மை மிகுந்தது, எண்ணெய்ப்பசை குறைந்தது என்று வணிகர் கூறுவதில் உண்மை உண்டு. அந்தக் குறையையும் ஊர்ப்பெயர் பார்த்து அன்று, கல்லைப் பார்த்தே சொல்ல வேண்டும். சிங்ஹாய் கல்லிலும் மேலானது உண்டு, கோத்தான் கல்லிலும் கழிவு உண்டு.

பெயரிடுவதில் சீனரினும் நம்மைக் கவர்ந்தவர்கள் நியூசிலாந்தின் மாவோரி மக்கள். தென்தீவின் மேற்குக்கரை ஆறுகளில் கிடைக்கும் இக்கல்லை அவர்கள் பொதுவாகப் பொனாமு என்பர். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அதன் உடைமை நிகாய் தாஹு மக்களுக்கே மீண்டது. பொனாமுவுக்குள் வகைப்பெயர்கள் பல. சாம்பல் வெண்மை கொண்டது இனங்கா, ஆற்றுச் சிறுமீனின் பெயர். கரும்பச்சை கவகவா, மிளகுக் குடும்பத்து இலையொன்றின் பெயர். ஒளி ஊடுருவும் தெளிந்த பச்சை கஹுரங்கி, மிக உயர்ந்தது. இவற்றோடு தங்கிவாய் என்ற ஒன்றும் உண்டு. கண்ணீர் என்று பொருள்படும். மில்ஃபோர்டு கடற்கழிப் பகுதியில் கிடைக்கும் அது நெஃப்ரைட்டே அன்று, செர்பென்டைன் வகை. வேதியியல் இல்லாமலே அவர்கள் அதற்குத் தனிப்பெயர் வைத்தனர். மென்மையான கல் என்று அறிந்து அணிகலன்களுக்கு எடுத்துக்கொண்டனர். உளிக்கும் வாய்ச்சிக்கும் ஆயுதத்துக்கும் மற்ற வகைகளைத் தேடிச் சென்றனர்.